பக்கை வாட்ஸ்அப்பில் சொன்னால் போதுமா? சின்ன வெப் டீமுக்கு ஏற்ற பக் டிராக்கரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மூன்று, நான்கு பேர் சேர்ந்து செய்யும் வெப்சைட்டுக்கு ஜிரா தேவையா, கிட்ஹப் போதுமா, கூகுள் ஷீட்டிலேயே ஓட்டிவிடலாமா? டூலைத் தேடுவதற்கு முன் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள் இங்கே.

"தம்பி, பேமென்ட் பேஜ் ஓபன் ஆகல. கொஞ்சம் பாருங்க."

இரவு 10 மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் கிளையன்ட்டிடமிருந்து இப்படி ஒரு மெசேஜ். கூடவே பாதி வெட்டுப்பட்ட ஸ்கிரீன்ஷாட். "பாக்குறேன் அண்ணா" என்று டெவலப்பர் பதில் போடுகிறார். அதற்குக் கீழே லோகோ கலர் பற்றி நாலு மெசேஜ், ஒரு குட்மார்னிங் படம், அடுத்த மீட்டிங் எப்போது என்ற கேள்வி என்று குரூப் நகர்ந்துவிடுகிறது. மூன்று நாள் கழித்து அந்த பேமென்ட் பேஜ் என்ன ஆச்சு என்று கேட்டால், யாரிடமும் தெளிவான பதில் இல்லை.

சின்ன டீமாக வெப்சைட் செய்து தருபவர்களுக்கு இது பழகிப்போன கதைதான். காணாமல் போவது ஒரு மெசேஜ் மட்டும் என்றால் பரவாயில்லை. "எல்லா பக்கும் சரியான பிறகு பாக்கியைத் தருகிறேன்" என்ற பேச்சில்தான் பல புராஜெக்ட்டுகளின் கடைசித் தவணை தொங்கிக்கொண்டிருக்கும். எத்தனை பக் வந்தது, எத்தனை சரியானது, எது மிச்சம் என்று காட்ட கையில் எதுவும் இல்லையென்றால் அந்தப் பணம் இழுத்துக்கொண்டே போகும்.

இதற்குத் தீர்வு பக் டிராக்கர் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் தேடினால் டஜன் கணக்கில் வந்து நிற்கின்றன. சம்பளத்துக்கு வேலை பார்த்த பெரிய கம்பெனியில் பழகிய டூலையே தங்கள் மூன்று பேர் டீமுக்கும் போட்டுவிட்டு, இரண்டே வாரத்தில் மறுபடி வாட்ஸ்அப்புக்குத் திரும்பியவர்கள் நிறைய. அப்படி ஆகாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும்?

பக் டிராக்கர்னா என்ன?

1947 செப்டம்பர் 9. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 'மார்க் 2' என்ற கணினியின் ரிலே ஒன்றில் அந்துப்பூச்சி சிக்கியிருப்பதைப் பணியாளர்கள் கண்டுபிடித்தார்கள். பூச்சியை எடுத்து லாக் புத்தகத்தில் டேப் போட்டு ஒட்டினார்கள். இயந்திரக் கோளாறை 'பக்' என்று சொல்லும் வழக்கம் அதற்கு முன்பே பொறியாளர்களிடம் இருந்தது. 1878ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றிலேயே தாமஸ் எடிசன் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார். அதனால்தான் நிஜப் பூச்சி கிடைத்தது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

அந்தப் பக்கம் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் கவனிக்க வேண்டியது பூச்சியை விட, பக்கத்தில் இருக்கும் குறிப்பைத்தான். நேரம் 15:45. இடம், பேனல் எஃப், ரிலே எண் 70. என்ன நடந்தது என்று ஒரு வரி. கூடவே ஆதாரம். எப்போது, எங்கே, என்ன, ஆதாரம் என நான்கும் அதில் இருக்கின்றன.

இன்றைய பக் டிராக்கர் இதனுடன் இன்னும் மூன்றைச் சேர்க்கிறது. ஒவ்வொரு பக்குக்கும் மாறாத ஒரு நம்பர், அதற்குப் பொறுப்பான ஒரு ஆள், இப்போது அது எந்த நிலையில் இருக்கிறது என்ற தகவல். "அந்த பேமென்ட் மேட்டர் என்ன ஆச்சு?" என்ற கேள்வி, "47 முடிஞ்சுதா?" என்று சுருங்கிவிடும். எந்த டூலாக இருந்தாலும் அடிப்படையில் இவ்வளவுதான். விலை ஏற ஏற சேர்வதெல்லாம் ரிப்போர்ட், சார்ட், ஆட்டோமேஷன் போன்றவை.

கூகுள் ஷீட்லயே ஓட்டிடலாமே?

ஓட்டலாம், ஒரு எல்லை வரை. ஒரே ஒரு டெவலப்பர், ஒரே ஒரு கிளையன்ட், ஒரு மாத வேலை, இருபது முப்பது பக் என்றால் ஷீட்டே போதும். கிளையன்ட்டுக்கும் ஷீட் பழக்கமானது, புதிதாக எதுவும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

ஆள் கூடும்போதுதான் சிக்கல். ஷீட்டை யாராவது ஒருவர் தேதி வாரியாக சார்ட் செய்தால், 12ஆம் வரியில் இருந்த பக் 31ஆம் வரிக்குப் போய்விடும். "12ஐப் பாருங்க" என்று சொன்னது அர்த்தமில்லாமல் ஆகிவிடும். ஒரு பக்கைப் பற்றி நான்கு பேர் பேசிக்கொள்ள அந்தச் சின்னக் கட்டத்தில் இடம் போதாது. ஸ்கிரீன்ஷாட் டிரைவில் ஒரு பக்கம், பேச்சு வாட்ஸ்அப்பில் இன்னொரு பக்கம் என்று சிதறிவிடும். 'முடிந்தது' என்று யார் மாற்றினார்கள், எந்த நம்பிக்கையில் மாற்றினார்கள் என்பதைத் தேடி எடுப்பதும் எளிதல்ல.

ஒரே பக் ஷீட்டில் இரண்டு முறை ஏறியிருப்பதைக் கண்டாலோ, முடிந்ததாகக் குறித்த ஒன்று மறுபடி மறுபடி திரும்பி வந்தாலோ, டிராக்கருக்கு மாற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

கேள்வி 1: பக்கைச் சொல்லப்போவது யார்?

டூல் தேடும் டெவலப்பர்கள் பெரும்பாலும் தங்களுக்கு எது வசதி என்றுதான் பார்க்கிறார்கள். ஆனால் சின்ன வெப் புராஜெக்ட்டில் பக்கைக் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் டெவலப்பர் இல்லை. கடை முதலாளி, அவர் கடையில் ஆர்டர் பார்க்கும் அக்கா, பள்ளி அலுவலக கிளார்க், இல்லையென்றால் சைட்டைப் பயன்படுத்தும் பொதுமக்கள். அவர்கள் எழுத மாட்டார்கள் என்றால், டூல் எவ்வளவு அருமையாக இருந்தாலும் வேலைக்கு ஆகாது.

புதிதாக அக்கவுன்ட் தொடங்கி, பாஸ்வேர்டு வைத்து, 'புராஜெக்ட் கீ', 'இஷ்யூ டைப்', 'கம்போனென்ட்' என்று ஆங்கிலத்தில் ஏழெட்டுக் கட்டங்களை நிரப்பச் சொன்னால் ஒரு முறை செய்வார்கள். அடுத்த முறை கை தானாக வாட்ஸ்அப்புக்குப் போய்விடும். அவர்கள் மீது தப்பு இல்லை.

ஆகவே முதலில் ஆட்களைப் பட்டியல் போட வேண்டும். டீமுக்குள் இருப்பவர்கள் மட்டும்தான் பக் எழுதப்போகிறார்கள் என்றால் எந்த டூலும் ஓகே. கிளையன்ட்டும் எழுத வேண்டும் என்றால் மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று, மெயில் அனுப்பினாலே டிக்கெட்டாக மாறும் வசதி. கிட்லேப்பில் 'சர்வீஸ் டெஸ்க்' என்ற பெயரில் இது இருக்கிறது. கிளையன்ட்டுக்கு கிட்லேப் அக்கவுன்ட்டே தேவையில்லை. ரெட்மைனிலும் மெயிலை டிக்கெட்டாக மாற்ற முடியும். டிரெல்லோ போர்டுக்கும் தனி மெயில் முகவரி உண்டு.

இரண்டு, ஒரு எளிய ஃபார்ம். நான்கே கேள்விகள், தமிழிலேயே. அதில் வருவதை டீமில் ஒருவர் டிராக்கரில் ஏற்றிவிடுவார்.

மூன்று, வாட்ஸ்அப்பையே வாசலாக வைத்துக்கொள்வது. கிளையன்ட் எப்போதும் போல குரூப்பில் சொல்லட்டும். டீமில் ஒருவர் அதை டிராக்கரில் பதிந்து, "அண்ணா, இது 47ன்னு போட்டிருக்கேன்" என்று நம்பரைத் திருப்பிச் சொல்ல வேண்டும். யார் அந்த ஒருவர் என்பது முதல் நாளே முடிவாகிவிட வேண்டும். 'யாராவது பதிவார்கள்' என்று விட்டால் யாரும் பதிய மாட்டார்கள்.

கேள்வி 2: கோட் எங்கே இருக்கிறது?

கோட் ஏற்கெனவே கிட்ஹப்பிலோ கிட்லேப்பிலோ இருக்கிறது என்றால், அங்கேயே இருக்கும் 'இஷ்யூஸ்' பகுதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை, தனியாகக் காசும் இல்லை.

கூடவே ஒரு பெரிய வசதி. கோடில் மாற்றம் செய்து சேர்க்கும்போது, அதன் குறிப்பில் 'ஃபிக்ஸஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுடன் #47 என்று எழுதினால் போதும். அந்த மாற்றம் பிரதான கிளையில் சேர்ந்ததும் 47ஆம் இஷ்யூ தானாக மூடிக்கொள்ளும். ஆறு மாதம் கழித்து "இந்த வரியை ஏன் மாத்தினோம்?" என்ற கேள்வி வந்தால், கோடில் இருந்து இஷ்யூவுக்கும், இஷ்யூவில் இருந்து கோடுக்கும் ஒரே கிளிக்கில் போகலாம். புதிதாக டீமில் சேருபவருக்கு இது பெரிய உதவி.

இதன் குறை, முதல் கேள்வியில் பார்த்த அதேதான். டெவலப்பர் அல்லாதவர்களுக்கு கிட்ஹப் அந்நியமான இடம். ஆகவே கிட்ஹப் இஷ்யூஸ் எடுத்தால் வாசலில் நின்று பதியும் ஒரு ஆள் கட்டாயம்.

கேள்வி 3: சர்வரை யார் பார்த்துக்கொள்வார்?

ஓப்பன் சோர்ஸ் டிராக்கர்களை நம் சர்வரிலேயே இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். இந்த வகையில் மூத்தது பக்ஸில்லா. நெட்ஸ்கேப் பிரவுசரின் கோட் பொதுவெளிக்கு வந்த 1998இல், மொசில்லா திட்டத்துக்காக வெளியானது. பேர்ல் மொழியில் எழுதப்பட்டது. மேன்டிஸ் 2000இல் வந்தது. பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும் இருந்தால் போதும் என்பதால் சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்கிலேயே ஓடும். ரெட்மைன் 2006இல் வந்தது. ரூபி ஆன் ரெயில்ஸில் எழுதப்பட்டதால் நிறுவக் கொஞ்சம் அனுபவம் வேண்டும்.

பழைய டூல் என்றாலே மோசம் என்று ஒதுக்கத் தேவையில்லை. உலகின் வெப்சைட்டுகளில் 40 சதவீதத்துக்கும் மேல் ஓடுவது வேர்ட்பிரஸ்ஸில். அதன் மையக் கோடுக்கான பக்குகள் 'டிராக்' என்ற பழைய ஓப்பன் சோர்ஸ் டிராக்கரில்தான் பல ஆண்டுகளாகப் பதிவாகிவருகின்றன. பைதான் வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவும் அதே டிராக்கைத்தான் நம்பியிருக்கிறது. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் வேலை நடக்கிறது.

ஆனால் 'இலவசம்' என்ற சொல்லில் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. செக்யூரிட்டி அப்டேட் வந்தால் போட வேண்டும், பேக்கப் எடுக்க வேண்டும், மெயில் போகவில்லை என்றால் நோண்ட வேண்டும். டீமில் இதை விரும்பிச் செய்ய ஒருவர் இருந்தால் சரி. இல்லையென்றால், கிளையன்ட் சைட்டின் பக்கைச் சரிசெய்ய வேண்டிய நேரத்தில் டிராக்கரின் பக்கைச் சரிசெய்துகொண்டிருப்பார்கள்.

கேள்வி 4: வெளியே வர வழி இருக்கிறதா?

டூலில் சேரும்போது யாரும் கேட்காத கேள்வி இது. கூகுளே நடத்திய 'கூகுள் கோட்' சேவையில் ஏராளமான ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட்டுகள் தங்கள் இஷ்யூக்களை வைத்திருந்தன. 2015 மார்ச்சில் மூடப்போவதாக அறிவிப்பு வந்தது, 2016 ஜனவரியில் மூடியே விட்டார்கள். ஏஜைல் டீம்களிடம் பிரபலமாக இருந்த 'பிவோட்டல் டிராக்கர்' சேவை 2025 ஏப்ரல் 30உடன் நின்றுபோனது. 'ஜிரா'வைச் சொந்த சர்வரில் ஓட்டும் 'சர்வர்' பதிப்புக்கான ஆதரவை அட்லாசியன் நிறுவனம் 2024 பிப்ரவரியில் நிறுத்தியது.

பெரிய புராஜெக்ட்டுகள் தாங்களாகவே இடம் மாறுவதும் உண்டு. பைதான் மொழியின் பக் டிராக்கர் பல ஆண்டுகள் தனி சைட்டில் இருந்துவிட்டு, 2022 ஏப்ரலில் கிட்ஹப் இஷ்யூஸுக்கு மாறியது.

சின்ன டீமுக்கு இதில் பாடம் எளிது. சேரும் முதல் நாளே எக்ஸ்போர்ட் பட்டனைத் தேடிப் பார்க்க வேண்டும். சிஎஸ்வி ஃபைலாக எடுக்க முடிகிறதா, அதில் கமென்ட்டுகளும் படங்களும் வருகின்றனவா என்று பத்துப் பதினைந்து டம்மி பக்குகளை வைத்தே சோதித்துவிடலாம். தலைப்பு மட்டும் வந்து பேச்செல்லாம் போய்விடும் எக்ஸ்போர்ட், எக்ஸ்போர்ட் இல்லாததற்குச் சமம்.

சரி, களத்தில் இருக்கும் டூல்கள் எவை?

இலவசத் திட்டங்களின் வரம்பு அடிக்கடி மாறும். கீழே உள்ள எண்களை அளவுகோலாக வைத்துக்கொண்டு, சேருவதற்கு முன் அந்தந்த நிறுவனத்தின் விலைப் பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

*கிட்ஹப் இஷ்யூஸ்:* 2020 ஏப்ரல் முதல் பிரைவேட் ரெப்போவிலும் எத்தனை பேரை வேண்டுமானாலும் இலவசமாகச் சேர்த்துக்கொள்ளலாம். லேபிள், மைல்ஸ்டோன், ஃபார்ம் டெம்ப்ளேட் எல்லாம் உண்டு. கோட் அங்கே இருக்கும் டீமுக்கு முதல் சாய்ஸ்.

*கிட்லேப்:* கோட், இஷ்யூ, மெயில் வழி டிக்கெட் எல்லாம் ஒரே இடத்தில். இலவசத் திட்டத்தில் பிரைவேட் குழுவுக்கு 5 பேர் என்ற வரம்பு இருக்கிறது. வேண்டுமானால் சொந்த சர்வரிலும் நிறுவலாம்.

*ஜிரா:* 2002 முதல் இருக்கிறது. பெயர் வந்த கதை சுவாரஸ்யமானது. அட்லாசியன் டீம் முதலில் பக்ஸில்லாவைப் பயன்படுத்தியது. அந்தப் பெயர் காட்ஸில்லாவை நினைவுபடுத்த, காட்ஸில்லாவின் ஜப்பானியப் பெயரான 'கோஜிரா'வில் இருந்து 'ஜிரா' பிறந்தது. 10 பேர் வரை இலவசம். பெரிய டீமுக்கு எல்லாம் கிடைக்கும். ஆனால் மூன்று பேர் டீமில் ஜிராவை செட் பண்ணுவதே ஒரு தனி வேலையாக ஆகிவிடும். வருங்காலத்தில் டீம் பெரிதாகப்போகிறது, இல்லை கிளையன்ட் தரப்பே ஜிராவில் இருக்கிறது என்றால் மட்டும் யோசிக்கலாம்.

*டிரெல்லோ:* 2011இல் வந்தது, 2017இல் அட்லாசியன் வாங்கியது. கார்டை ஒரு பட்டியலில் இருந்து இன்னொரு பட்டியலுக்கு இழுத்து விட்டால் போதும். சொல்லிக்கொடுக்காமலேயே கிளையன்ட்டுக்குப் புரியும் டூல் இதுதான். பக் டிராக்கராகச் செய்யப்பட்டது இல்லை என்பதால் நூறு கார்டு தாண்டினால் தேடுவது கஷ்டம்.

*லீனியர்:* வேகத்துக்காக ஸ்டார்ட்அப் டெவலப்பர்கள் விரும்புவது. இலவசத் திட்டத்தில் 250 இஷ்யூ வரை. டெவலப்பர் கைக்கு இதம், கிளையன்ட் கைக்கு அவ்வளவாக இல்லை.

*ஜோஹோ பக்டிராக்கர்:* சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் டூல். மெயில், இன்வாய்ஸ் எல்லாம் ஏற்கெனவே ஜோஹோவில் வைத்திருக்கும் ஏஜென்சிகள் பார்க்கலாம்.

*மேன்டிஸ், ரெட்மைன், பக்ஸில்லா:* டேட்டா வெளியே போகக் கூடாது என்று கிளையன்ட் நிபந்தனை போட்டால், அல்லது மாதச் சந்தா கட்ட விருப்பம் இல்லையென்றால். மூன்றில் சின்ன டீமுக்கு எளிதானது மேன்டிஸ்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 'சென்ட்ரி' போன்றவை பக் டிராக்கர் இல்லை, எரர் மானிட்டர். கோட் உடையும்போது தானாகவே பிடித்துச் சொல்லும். "பட்டன் இருக்கு, ஆனா விலை தப்பா வருது" என்பது கோட் உடையாமலே வரும் பக். அதை மனிதர்தான் சொல்ல வேண்டும். இரண்டும் இருந்தால் நல்லது, ஒன்று இன்னொன்றுக்கு மாற்று ஆகாது.

நல்ல பக் ரிப்போர்ட்டுக்கு மூன்றே வரி

ஃபாக் கிரீக் நிறுவனத்தை இணைந்து தொடங்கிய ஜோயல் ஸ்போல்ஸ்கி, 2000ஆம் ஆண்டில் பக் டிராக்கிங் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. டிரெல்லோ பின்னாளில் பிறந்ததும் அதே நிறுவனத்தில்தான். ஒரு பக் ரிப்போர்ட்டில் மூன்று விஷயங்கள் போதும் என்பது அவர் சொன்னதன் சாரம். என்ன செய்தால் பக் வருகிறது? என்ன நடந்திருக்க வேண்டும்? உண்மையில் என்ன நடந்தது?

"ஃபார்ம் வேலை செய்யல" என்பது புகார். அதையே இப்படி எழுதினால் ரிப்போர்ட்: "பதிவு ஃபார்மில் லாஸ்ட் நேம் கட்டத்தில் 'கே' என்று இனிஷியல் மட்டும் போட்டு சப்மிட் கொடுத்தேன். பதிவாகியிருக்க வேண்டும். 'குறைந்தது 2 எழுத்து வேண்டும்' என்று சிவப்பில் காட்டுகிறது." இதைப் படிக்கும் டெவலப்பருக்கு அடுத்து எந்தக் கேள்வியும் கேட்கத் தேவையில்லை. இனிஷியலோடு வாழும் தமிழ்நாட்டுப் பயனர்கள் பாதிப்பேருக்கு இந்த ஃபார்ம் திறக்காது என்பதும் உடனே புரிந்துவிடும்.

வெப் என்பதால் இன்னும் மூன்று விவரம் சேர்த்தால் நல்லது. பக்கத்தின் லிங்க், பிரவுசர், மொபைலா கம்ப்யூட்டரா. குரோமில் சரியாக வருவது ஐபோன் சஃபாரியில் உடையலாம். ஆங்கிலத்தில் அழகாக இருக்கும் பட்டன், தமிழில் நீளமான சொல் வந்ததும் இரண்டாக உடைந்து தொங்கலாம்.

கட்டங்களை இதற்கு மேல் கூட்டக் கூடாது என்பதும் ஸ்போல்ஸ்கியின் அறிவுரைதான். கட்டம் கூடக் கூட எழுதுபவர்கள் குறைவார்கள். அவர் சொன்ன இன்னொன்றும் முக்கியம். பக்கை மூட வேண்டியவர் அதைத் திறந்தவர்தான். டெவலப்பர் 'சரிசெய்தாச்சு' என்று குறிக்கலாம். கிளையன்ட் பார்த்து 'ஓகே' சொன்ன பிறகே 'முடிந்தது' ஆக வேண்டும். முன்பு பார்த்த கிட்ஹப்பின் தானாக மூடும் வசதியைப் பயன்படுத்தும் டீம்கள், 'கிளையன்ட் பார்த்தார்' என்று தனி லேபிள் வைத்து இதைச் சமாளிக்கலாம்.

எது பக், எது புது வேலை?

பணப் பிரச்னை தொடங்கும் இடம் இதுதான். "டெலிவரி சார்ஜ் ஊருக்கு ஊர் மாறணும்னு சொன்னோமே தம்பி, அது வரல" என்கிறார் கிளையன்ட். "அது ஸ்கோப்லயே இல்ல அண்ணா" என்கிறார் டெவலப்பர். இருவரும் உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறார்கள்.

டிராக்கரில் இரண்டே லேபிள் வைத்தால் இந்தச் சண்டை பாதி குறையும். 'பக்' என்றால் சொன்னபடி வேலை செய்யவில்லை. 'புதுசு' என்றால் சொல்லாத ஒன்றைக் கேட்கிறார்கள். வாரம் ஒரு முறை 15 நிமிடம் உட்கார்ந்து, புதிதாக வந்தவற்றுக்கு எந்த லேபிள் என்று இரு தரப்பும் சேர்ந்து முடிவு செய்துவிட வேண்டும். புராஜெக்ட் முடியும்போது 'பக்' லேபிளில் திறந்திருப்பவை எத்தனை என்று பார்த்தாலே கடைசித் தவணைப் பேச்சு தொடங்கிவிடும். 'புதுசு' லேபிளில் இருப்பவை அடுத்த கொட்டேஷனுக்குப் போகும்.

மூட முடியாத பக்கை ஏற்றாமல் இருப்பதும் அவசியம். உபுண்டுவின் டிராக்கரில் முதல் பக்காக 2004இல் மார்க் ஷட்டில்வொர்த் பதிந்தது, 'மைக்ரோசாஃப்ட்டுக்குச் சந்தையில் பெரும்பங்கு இருக்கிறது' என்ற பொருளில் ஒரு பிரகடனம். 2013 வரை அது திறந்தே கிடந்தது. உபுண்டுவுக்கு அது கொள்கை முழக்கம். "சைட் இன்னும் நல்லா இருக்கணும்" என்று கிளையன்ட் பதிந்தால் சின்ன டீமுக்கு அது தலைவலி. எது நடந்தால் இது முடியும் என்று கேட்டு, பதில் கிடைத்த பிறகே ஏற்ற வேண்டும்.

அவசரம் வேறு, பாதிப்பு வேறு என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஹோம் பேஜில் கடையின் பெயர் எழுத்துப்பிழையோடு இருந்தால் பாதிப்பு சின்னது, அவசரம் பெரியது. யாருமே பயன்படுத்தாத பழைய பிரவுசரில் சைட் திறக்கவே இல்லை என்றால் பாதிப்பு பெரியது, அவசரம் இல்லை.

ஸ்கிரீன்ஷாட்டில் யாருடைய ஃபோன் நம்பர்?

பக்கைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டில் வாடிக்கையாளரின் பெயர், ஃபோன் நம்பர், முகவரி எல்லாம் சேர்ந்தே வந்துவிடும். கிட்ஹப்பில் ரெப்போ பப்ளிக்காக இருந்தால், அந்த இஷ்யூவும் படமும் உலகம் முழுக்கத் தெரியும். தனிநபர் டேட்டாவைக் கையாள்பவர்களுக்குப் பொறுப்பு வைக்கும் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் 2023இல் நிறைவேறியிருக்கிறது. கிளையன்ட் புராஜெக்ட் என்றால் டிராக்கர் பிரைவேட்டாகத்தான் இருக்க வேண்டும். படத்தில் நம்பரை மறைத்துப் போடும் பழக்கமும் வேண்டும்.

டிராக்கரையே யாராவது திறந்துவிட்டால்? மொசில்லாவுக்கே அது நடந்தது. பக்ஸில்லாவில் கூடுதல் அனுமதி வைத்திருந்த ஒருவர் அதே பாஸ்வேர்டை வேறு சைட்டிலும் வைத்திருந்தார். அங்கிருந்து கசிந்த பாஸ்வேர்டைக் கொண்டு ஒருவர் உள்ளே நுழைந்து, வெளியிடப்படாத ஃபயர்ஃபாக்ஸ் செக்யூரிட்டி பக்குகளைப் படித்திருக்கிறார் என்று 2015 செப்டம்பரில் மொசில்லா அறிவித்தது. அப்படிப் படித்த ஓட்டைகளில் ஒன்று ஃபயர்ஃபாக்ஸ் பயனர்களைத் தாக்கப் பயன்பட்டிருக்கலாம் என்றும் சொன்னது. சரிசெய்யாத பக்குகளின் பட்டியல் என்பது, எந்தக் கதவு பூட்டவில்லை என்ற பட்டியலும்தான். எனவே இரண்டடுக்கு லாகின் இல்லாத டிராக்கரை எடுக்க வேண்டாம். வேலை முடிந்து போனவர்களின் அக்கவுன்ட்டை அன்றே நீக்கிவிட வேண்டும்.

அப்போ, எதை எடுக்கிறது?

• ஒரு டெவலப்பர், ஒரு கிளையன்ட், ஒரு மாத வேலை: கூகுள் ஷீட். வரி எண்ணை நம்பாமல், தனியாக ஒரு கட்டத்தில் பக் நம்பர் போட்டுக்கொள்ளவும்.

• கோட் கிட்ஹப்பில், இரண்டு முதல் ஐந்து பேர்: கிட்ஹப் இஷ்யூஸ். கிளையன்ட் சொல்வதைப் பதிய ஒரு ஆள்.

• கிளையன்ட் மெயிலில் பழகியவர்: கிட்லேப், சர்வீஸ் டெஸ்க்குடன்.

• கிளையன்ட் தானே பார்த்து, தானே எழுத விரும்புகிறார், பக் எண்ணிக்கை குறைவு: டிரெல்லோ.

• டேட்டா வெளியே போகக் கூடாது, சர்வர் பார்க்க ஆள் உண்டு: மேன்டிஸ் அல்லது ரெட்மைன்.

• பத்துப் பேரை நெருங்கும் டீம், பல புராஜெக்ட்: ஜிரா அல்லது ஜோஹோ.

தேர்வு சரியா என்று பார்க்க, இரண்டு வாரம் ஓட்டிப் பார்ப்பதே நல்ல சோதனை. முதல் நாள், இப்போது தெரிந்த பக்குகளில் பத்தை மட்டும் ஏற்றவும். பழைய வாட்ஸ்அப் மெசேஜ் முழுவதையும் தோண்டி எடுக்க உட்கார்ந்தால் அதிலேயே டீம் களைத்துவிடும். பிறகு டெவலப்பர் அல்லாத ஒருவரிடம் லிங்க்கைக் கொடுத்து, எதுவும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு பக் பதியச் சொல்லவும். இரண்டு, மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டால் டூல் பாஸ். "இதுல எங்கப்பா எழுதணும்?" என்று கேட்டால் கட்டங்களைக் குறைக்கவும், இல்லையென்றால் டூலையே மாற்றவும்.

இரண்டு வாரம் முடிந்ததும் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து, டிராக்கரில் ஏறாமல் அங்கேயே தங்கிவிட்ட பக்குகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம். ஒன்றோ இரண்டோ என்றால் அதே டூலில் தொடரலாம். பத்துக்கு மேல் என்றால் முதல் கேள்விக்கே திரும்பிப் போக வேண்டும்: பக்கைச் சொல்லப்போவது யார், அவருக்கு இந்த வாசல் எட்டுகிறதா?